பெரிய திட்டத்துக்குக் கடன்: தாய் நிறுவனத்தின் பெயரிலா, தனி நிறுவனத்தின் பெயரிலா? முழுமையான வழிகாட்டி

பெரிய திட்டம் ஒன்றைக் கடன் வாங்கிக் கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தாய் நிறுவனமே தன் பெயரில் கடன் வாங்கலாம். அதன் மொத்த வருமானமும் சொத்தும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. இது கார்ப்பரேட் ஃபைனான்ஸ். அல்லது எஸ்பிவி என்று வங்கிகள் சொல்லும் தனி நிறுவனத்தைத் திட்டத்துக்கென்றே தொடங்கி, அதன் பெயரில் வாங்கலாம். திட்டத்தின் வரவிலிருந்து மட்டும் கடன் அடைபடும். திட்டம் விழுந்தால் பங்குதாரர் போட்ட முதலோடு இழப்பு நிற்கும். இது புராஜெக்ட் ஃபைனான்ஸ்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு எக்செல் நன்றாகவே வருகிறது. தடுமாறுவது வேலையின் வரிசையில்தான். முதல் கூட்டத்திலேயே "வட்டி எவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

வழிநெடுக ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 400 கோடி ரூபாய் நிகர மதிப்பு, ஆண்டுக்கு 60 கோடி வரிக்குரிய லாபம், 250 கோடி பழைய கடன் உள்ள ஒரு நடுத்தர நிறுவனம். அது தென்மாவட்டம் ஒன்றில் 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டப் பார்க்கிறது. செலவு 500 கோடி. மின்சாரத்தை 25 ஆண்டுக்கு யூனிட் 2.90 ரூபாய்க்கு விற்கும் ஒப்பந்தம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண்கள். சந்தை நிலவரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

நிலத்தின் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பாதை உரிமை. இவை இல்லாமல் எக்செல் கணக்கு மாடல் போடத் தொடங்குவது வீண். ரிசர்வ் வங்கியின் புதிய திட்ட நிதி விதிகள் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கடன் பணம் இறங்கும் முன் எவ்வளவு நிலம் கையில் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. அரசு-தனியார் கூட்டு உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் குறைந்தது 50 சதவீதம். பொதுவாக மற்றவற்றுக்கு 75 சதவீதம்.

அடுத்தது விளைச்சல் அறிக்கை. மின் உற்பத்தியை பி50, பி90 என்று இரண்டு அளவில் சொல்லும். பி50 என்றால் அந்த அளவைத் தாண்டவும் தாண்டாமல் போகவும் சரிபாதி வாய்ப்பு. பி90 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு அந்த அளவையாவது எட்டும். இதை வெளியாள் ஒருவர் தயாரித்திருக்க வேண்டும். சூரியத் தகடு விற்பவரே கொடுத்த அறிக்கையை வங்கி ஓரமாக வைத்துவிடும்.

பலரும் மறப்பது தாய் நிறுவனத்தின் பழைய கடன் ஒப்பந்தங்களை. அவற்றில் இரண்டு பிரிவுகளைத் தேடுங்கள். பிறர் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க முன் அனுமதி வேண்டும் என்பது ஒன்று. குழுமத்தில் எந்த நிறுவனம் தவணை தவறினாலும் இந்தக் கடனும் தவறியதாகக் கருதப்படும் என்ற கிராஸ் டிஃபால்ட் இன்னொன்று. இரண்டாவது இருந்தால், தனி நிறுவனம் தொடங்கியும் திட்டத்தின் நெருப்பு தாய் வீட்டுக்கு வந்துவிடும். இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்து மூன்று மாத வேலையைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, தாய் நிறுவனத்தின் வருமான வரிக் கணக்கு. இது எதற்கு என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

2. திட்டம் தன் காலில் நிற்குமா என்று பாருங்கள்

ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடனை அடைக்கும் பணத்தில் குறைந்தது 51 சதவீதமாவது திட்டத்தின் சொந்த வரவிலிருந்து வந்தால்தான் அது புராஜெக்ட் ஃபைனான்ஸ். அந்தச் சொந்த வரவு எவ்வளவு உறுதியானது என்பதே இந்தப் படியின் கேள்வி. மூன்று இடங்களில் தட்டிப் பாருங்கள்.

வாங்குபவர் யார்? மகாராஷ்டிரத்தின் தாபோல் மின் நிலையத்தின் 740 மெகாவாட் முதல் கட்டம் 1999இல் ஓடத் தொடங்கியது. வாங்குபவர் ஒரே ஆள், மாநில மின் வாரியம். விலை தாங்காமல் வாரியம் வாங்குவதை நிறுத்தியதும் 2001இல் நிலையம் மூடப்பட்டது. ஒப்பந்தம் கையில் இருந்தது. ஆனால் அந்த விலையைக் காலம் முழுவதும் கொடுக்க வாங்குபவருக்கு வசதி இருக்கவில்லை. மின் கொள்முதல் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது வாங்குபவரின் வரவு செலவையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் விலை அவருக்குக் கிடைக்கும் மற்ற மின்சாரத்தைவிட மிக அதிகமாக இருந்தால், அது உங்கள் அதிர்ஷ்டம் இல்லை, ஆபத்து.

உள்ளே வரும் செலவும் வெளியே போகும் விலையும் ஒன்றாக நகருமா? குஜராத்தின் முந்த்ரா 4,000 மெகாவாட் நிலையம் யூனிட்டுக்குச் சராசரியாக 2.26 ரூபாய் என்று ஏலம் எடுக்கப்பட்டது. நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து. 2010இல் அந்நாடு ஏற்றுமதி விலையைச் சந்தை விலையோடு இணைத்து விதி கொண்டுவந்தது. செலவு ஏறியது, விற்பனை விலை ஏறவில்லை. இதை எதிர்பாராத பேரிடர் என்று ஏற்று விலையை உயர்த்த முடியாது என 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சூரிய மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு இல்லை என்பதால் நம் எடுத்துக்காட்டு இங்கே தப்புகிறது.

கட்டுபவர் யார், தாமதமானால் யார் தலையில்? இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலுக்கடியில் இணைத்த யூரோடனல் முழுக்கத் தனியார் பணத்தில் கட்டப்பட்டது. செலவு மதிப்பீட்டைவிட ஏறக்குறைய 80 சதவீதம் கூடியது. 1994இல் திறந்த சுரங்கத்துக்கு எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. அடுத்த ஆண்டே வட்டி கட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டுமானச் செலவு, போக்குவரத்து ஆகிய இரண்டு ஆபத்துகளையும் கடைசியில் சுமந்தவர்கள் பங்குதாரர்கள், அதிலும் பெரும்பாலோர் சிறு முதலீட்டாளர்கள். நிர்ணயித்த விலையில், நிர்ணயித்த நாளில் கட்டித் தருவதாக ஒரே ஒப்பந்ததாரர் பொறுப்பேற்காவிட்டால், அந்த ஆபத்து உங்களிடமே தங்கும்.

இந்த மூன்றில் ஒன்று ஆட்டம் கண்டாலும் தனி நிறுவன வழியை அத்தோடு விட்டுவிடலாம். வங்கி கடன் தரும், ஆனால் தாய் நிறுவனத்தின் முழு உத்தரவாதத்தோடு. அது பெயரளவில்தான் புராஜெக்ட் ஃபைனான்ஸ்.

3. கடனை மறந்துவிட்டுத் திட்டத்தின் மதிப்பைப் போடுங்கள்

கடன் எவ்வளவு, எந்த வழி என்பதெல்லாம் இப்போது வேண்டாம். முழுப் பணமும் சொந்தக் கையிலிருந்து போடுவதாக வைத்துக்கொண்டு திட்டத்தின் நிகர நிகழ்கால மதிப்பைப் பாருங்கள். வருங்கால வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து போடும் முதலைக் கழித்தால் வருவது அது. திட்டமே மதிப்புத் தராவிட்டால் எந்தக் கடன் அமைப்பும் அதைத் தேற்றாது. கடன் முதலில் வந்துவிட்டால் அந்த உண்மை மறைந்துவிடும்.

எடுத்துக்காட்டில் பி50 உற்பத்தி ஆண்டுக்கு 21.9 கோடி யூனிட். 2.90 ரூபாய் வீதம் வரவு 63.5 கோடி. பராமரிப்பு, காப்பீடு 7 கோடி போக 56.5 கோடி கையில். தகடுகள் ஆண்டுதோறும் கொஞ்சம் திறன் இழப்பதை எளிமைக்காக விட்டிருக்கிறேன். உங்கள் மாடலில் விடக்கூடாது. 25.17 சதவீத வரி, சூரிய மின் கருவிகளுக்குக் கிடைக்கும் 40 சதவீதத் தேய்மானம், வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்க 9 சதவீதத் தள்ளுபடி விகிதம் என்று போட்டால் நிகர நிகழ்கால மதிப்பு ஏறக்குறைய 18 கோடி வருகிறது. 500 கோடியைப் போட்டால் பங்குதாரருக்கு இன்றைய மதிப்பில் 18 கோடி கூடுகிறது.

இந்த 18ஐத் தனித் தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு செலவையும் இதனோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

தள்ளுபடி விகிதத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தாய் நிறுவனத்தின் வழக்கமான விகிதத்தை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். நூற்பாலை நடத்தும் நிறுவனத்தின் ஆபத்து வேறு, 25 ஆண்டு விலை நிர்ணயித்த மின் நிலையத்தின் ஆபத்து வேறு. விகிதம் திட்டத்துக்குரியதாக இருக்க வேண்டும்.

4. திட்டம் தாங்கும் கடனைக் கண்டுபிடியுங்கள்

"75 சதவீதம் கடன், 25 சதவீதம் முதல்" என்று தொடங்காதீர்கள். வரவிலிருந்து தொடங்குங்கள், சதவீதம் தானாக வரும்.

பி90 உற்பத்தி 20 கோடி யூனிட் என்று வைப்போம். வரவு 58 கோடி, செலவு போக 51 கோடி. அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டிய தொகையைப் போல 1.20 மடங்கு பணம் ஒவ்வோர் ஆண்டும் கையில் இருக்க வேண்டும் என்று வங்கி கேட்கிறது. டிஎஸ்சிஆர் என்பது இந்த மடங்குதான். 51ஐ 1.20ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 42.5 கோடி வரை கட்டலாம். 9 சதவீத வட்டியில் 18 ஆண்டுக்கு அந்தத் தவணை தாங்கும் கடன் 372 கோடி. மீதி 128 கோடி முதல்.

கடன் காலம் ஏன் 18, ஏன் 25 இல்லை? தவணை விடுப்புக் காலத்தையும் சேர்த்துக் கடன் காலம் திட்டத்தின் பொருளாதார ஆயுளில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 25 ஆண்டு ஆயுளுக்கு அது 21 ஆண்டு 3 மாதம். அதற்கும் உள்ளே நிற்பது நல்லது. இடையில் ஒரு கெட்ட ஆண்டு வந்தால் தவணையைத் தள்ளிப்போட வால் போல நீண்ட காலம் மிச்சம் இருக்கும்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். திட்டத்தின் மொத்த வருவாய் விகிதம் வரிக்கு முன் சுமார் 10.3 சதவீதம். 372 கோடி கடன் வந்ததும் பங்குதாரரின் 128 கோடிக்கு அது 12.6 சதவீதமாகத் தெரிகிறது. இயக்குநர் குழுவுக்குப் போகும் தாளில் இந்த 12.6 தடித்த எழுத்தில் இருக்கும். பங்குதாரர் மதிப்பு கூடிவிட்டதாக எல்லோரும் நினைப்பார்கள்.

கூடவில்லை. முதல் 18 ஆண்டு வங்கி எடுத்துக்கொண்டு மிஞ்சுவதுதான் பங்குதாரருக்கு. 56.5இல் 42.5 போனால் 14 கோடி. உற்பத்தி 10 சதவீதம் குறைந்தால் வரவு 6 கோடிக்கு மேல் குறையும். அந்த 14 கோடியில் ஏறக்குறைய பாதி காலி. ஆபத்து இவ்வளவு கூடிய முதலுக்குப் பங்குதாரர் கேட்கும் வருவாயும் கூடத்தான் செய்யும். கடனால் ஐஆர்ஆர் என்னும் இந்த வருவாய் விகிதம் ஏறுவது வெறும் கணக்கின் விளைவு. மதிப்பு கூட வேண்டுமானால் வேறு ஏதாவது உண்மையில் மாற வேண்டும்.

5. வேலியின் விலையைப் போடுங்கள்

தனி நிறுவனம் என்பது தாய் நிறுவனத்தைச் சுற்றிப் போடும் வேலி. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு காப்பீட்டுப் பாலிசி. திட்டம் விழுந்தால் 128 கோடி இழப்போடு விலகிக்கொள்ளும் உரிமை. எந்தப் பாலிசிக்கும் பிரீமியம் உண்டு. அதைப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பதுதான் நான் பார்த்த பிழைகளிலேயே செலவு மிகுந்தது.

முதலில் வட்டி. தாய் நிறுவனத்துக்கு 8.25 சதவீதத்தில் கடன் கிடைக்கும், தனி நிறுவனத்துக்கு 9 என்று வைப்போம். அதே 372 கோடிக்கு ஆண்டுத் தவணை 40.4 கோடியும் 42.5 கோடியும். வித்தியாசம் 2.1 கோடி. 18 ஆண்டுக்கும் சேர்த்து இன்றைய மதிப்பில் 19 கோடி.

அடுத்தது கட்டணங்கள். வங்கியின் முன்கட்டணம், வங்கிக்கான வழக்கறிஞர், வங்கிக்கான பொறியாளர், வங்கிக்கான காப்பீட்டு ஆலோசகர் எல்லோருக்கும் கொடுப்பது நீங்கள்தான். 7 கோடி என்று வைப்போம். அப்புறம் டிஎஸ்ஆர்ஏ என்னும் தவணை இருப்புக் கணக்கு. ஆறு மாதத் தவணையான 21 கோடியை வங்கி எப்போதும் ஒதுக்கி வைக்கச் சொல்லும். 9 சதவீதத்தில் வாங்கிய பணம் 6.5 சதவீத வைப்பில் தூங்கும். இன்றைய மதிப்பில் சுமார் 5 கோடி.

இப்போது வரி. பெரும்பாலோர் இதைக் கணக்கில் எழுதுவதே இல்லை. ஆனால் நம் எடுத்துக்காட்டில் எல்லாவற்றிலும் பெரியது இதுதான். இந்தியாவில் ஒரு குழுமத்தின் நிறுவனங்கள் லாப நட்டத்தைச் சேர்த்து ஒரே வரிக் கணக்குப் போட முடியாது. மின் நிலையம் தாய் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், முதல் ஆண்டிலேயே வரும் 200 கோடி வரையிலான தேய்மானத்தை அதன் 60 கோடி லாபத்திலும் கழித்துக்கொண்டே வரலாம். ஆறேழு ஆண்டில் முழுத் தேய்மானமும் பயன்பட்டுவிடும். தனி நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அதற்கு வட்டி போக முதல் ஆண்டில் 23 கோடிதான் வரிக்குரிய வருமானம், வட்டி குறையக் குறைய மெல்லக் கூடும். மீதித் தேய்மானம் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குப் போகும், வீணாகாது. ஆனால் தீர 16 ஆண்டு ஆகும். தள்ளிப்போன வரிச் சலுகையின் இன்றைய இழப்பு சுமார் 30 கோடி.

மொத்தம் 61 கோடி. இதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். 372 கோடியும் தாய் நிறுவனத்தின் மேல் ஏறினால் அதன் தர மதிப்பீடு இறங்கி, பழைய 250 கோடிக்கும் வட்டி ஏறலாம். அரை சதவீதம் ஏறினால் ஆண்டுக்கு 1.25 கோடி, இன்றைய மதிப்பில் 11 கோடி. வேலி இதை மிச்சம் பிடிக்கிறது. ஆக வேலியின் நிகர விலை 50 கோடி.

தனித் தாளில் எழுதிய 18ஐ இப்போது எடுத்துப் பாருங்கள். திட்டம் தரும் மதிப்பே 18 கோடி. வேலிக்கு 50 கோடி.

அப்படியானால் வேலி வேண்டாமா? பாலிசி எதைக் காக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. திட்டம் மோசமாக விழுந்து அதன் இன்றைய மதிப்பு 200 கோடியாகச் சுருங்கினால், தாய் நிறுவன வழியில் 372 கோடி கடனை அடைக்க இன்னும் 172 கோடி சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டும். தனி நிறுவன வழியில் அந்த 172 கோடி வங்கியின் இழப்பு. 50ஐ 172ஆல் வகுத்தால் 29 சதவீதம். அவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு 29 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் இந்தப் பாலிசி கட்டுப்படியாகும். உண்மையில் 29 சதவீத வாய்ப்பு என்று நம்பினால், மூன்றாம் படியிலேயே திட்டத்தைக் கைவிட்டிருக்க வேண்டும்!

ஆனால் 172 கோடி என்பது 400 கோடி நிகர மதிப்பில் 43 சதவீதம். அந்த அடியில் நடைமுறை மூலதனக் கடன் நின்று, சரக்கு கொடுப்பவர்கள் கையை விரித்து, பழைய தொழிலும் சேர்ந்து விழுந்தால் மொத்த இழப்பு 300 கோடியைத் தொடலாம். அப்போது எல்லைக்கோடு 17 சதவீதத்துக்கு இறங்குகிறது. இதே திட்டத்தை 10,000 கோடி நிகர மதிப்புள்ள நிறுவனம் செய்தால் 172 கோடியில் அதன் தொழில் ஆடாது. வேலிக்கு 50 கோடி கொடுக்கக் காரணமே இல்லை. ஆகவே திட்டத்தின் அளவைத் தனியாகப் பார்க்காதீர்கள். தாய் நிறுவனத்தோடு ஒப்பிட்ட அளவைப் பாருங்கள்.

வரி கட்டாத, பழைய நட்டங்களைச் சுமந்திருக்கும் தாய் நிறுவனம் என்றால் அந்த 30 கோடி பெரிதும் சுருங்கிவிடும், முடிவு தலைகீழாகலாம். உங்கள் எண்களைப் போடாமல் என் முடிவை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வோர் உத்தரவாதத்தையும் படியுங்கள்

பிரீமியம் கட்டிவிட்டுப் பாலிசியை நாமே கிழித்துப்போடும் இடம் இது. வங்கி மேலாளர் சாதாரணமாகச் சொல்வார்: "சும்மா ஒரு கார்ப்பரேட் கேரண்டி சார், எல்லோரும் கொடுப்பதுதான்." அந்தக் காகிதம் கடன் தீரும்வரை நீளும் முழு உத்தரவாதம் என்றால் 172 கோடிப் பாதுகாப்பு பூஜ்யமாகிவிடுகிறது. 50 கோடிச் செலவில் கொஞ்சம் வட்டி குறையும், மீதி அப்படியே இருக்கும்.

மூன்று வகை உத்தரவாதங்களைப் பிரித்துப் பாருங்கள். கட்டி முடிக்கும்வரை மட்டும் பொறுப்பு என்பது முதல் வகை. கட்டுமானம் உங்கள் கையில் இருப்பதால் அதைக் கேட்பது நியாயம். செலவு கூடினால் இத்தனை கோடி வரை போடுவோம் என்பது இரண்டாவது. எண் எழுதியிருந்தால் சரி, "தேவையான அளவு" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் முழுவதற்கும் கடைசிவரை பொறுப்பு என்பது மூன்றாவது. இதைக் கொடுப்பதானால் நேராகத் தாய் நிறுவனத்தின் பெயரிலேயே வாங்கிவிடுங்கள். குறைந்த வட்டியும் தேய்மானச் சலுகையுமாவது கிடைக்கும்.

முதல் வகையிலும் "கட்டி முடித்தல்" என்பதற்கு விளக்கம் என்ன என்று பாருங்கள். மின்சாரம் ஓடத் தொடங்கிய நாளா, அல்லது ஓராண்டு குறிப்பிட்ட டிஎஸ்சிஆர் காட்டிய பிறகா? இரண்டாவதாக இருந்தால் அந்த ஒரு மோசமான பருவத்தையும் நீங்கள்தான் சுமக்கிறீர்கள்.

நிறுவனர் குடும்பத்தின் தனிப்பட்ட உத்தரவாதம் இன்னும் ஆழமான குழி. திவால் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் கடன் தீர்வுத் திட்டத்தால் முடிந்தாலும், தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பு தானாகத் தீராது என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா கையெழுத்துப் போட்டார், எதற்கு என்று தெரியாது என்று மகன் வந்து நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

7. "கணக்கில் தெரியாது" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்

தனி நிறுவனத்தின் கடன் தாய் நிறுவனத்தின் கணக்கில் வராது என்று இன்னும் சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். தாய் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை, இந்தியக் கணக்கியல் தரம் 110இன்படி ஒருங்கிணைந்த கணக்கில் அந்த 372 கோடி கடனாகவே தெரியும். தர மதிப்பீட்டாளர்கள் அதைப் பார்த்து, தாய் நிறுவனம் நிச்சயம் கைகொடுக்கும் என்று நினைத்தால் சேர்த்தே எடைபோடுவார்கள். வேலி பொறுப்பைத்தான் குறைக்கிறது, பார்வையை மறைப்பதில்லை.

எதிர்த்திசையிலும் வேலி சாயலாம். 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் தவணை தவறியபோது, குழும நிறுவனங்கள் அனைத்தின் மீதும் கடன் கொடுத்தவர்கள் நடவடிக்கை எடுக்கத் தீர்ப்பாயம் தடை விதித்தது. சொந்தச் சுங்க வரவில் கடனைக் கட்டக்கூடிய சாலை நிறுவனங்களும் அதற்குள் சிக்கின. பின்னர் கடனைக் கட்டும் திறனைப் பொறுத்துப் பச்சை, அம்பர், சிவப்பு என்று பிரித்து, பச்சை நிறுவனங்களை வழக்கம்போலக் கட்ட விட்டார்கள். வங்கி உங்கள் தனி நிறுவனத்துக்குத் தனி இயக்குநர்கள், தனி வங்கிக் கணக்கு, தாய் நிறுவனத்துக்குக் கைமாற்றுத் தடை எல்லாம் கேட்பது இந்தப் பயத்தில்தான். அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டுப் பங்காளி இருந்தால் அவருக்கும் அதுவே பாதுகாப்பு.

8. ஒப்பந்தங்களை இந்த வரிசையில் முடியுங்கள்

விற்பனை ஒப்பந்தம் முதலில். பிறகு நிலமும் மின் இணைப்பு அனுமதியும். பிறகு கட்டுமான ஒப்பந்தம். கடன் ஒப்பந்தம் கடைசி. காரணம் எளிது: முன்னதில் உள்ள கெடுவும் அபராதமும் பின்னதில் எதிரொலிக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் தாமத அபராதம் நாளுக்கு 5 லட்சம் என்று இருந்து, கட்டுமான ஒப்பந்ததாரர் உங்களுக்குத் தருவது 3 லட்சம் என்றால், மீதி 2 லட்சம் பங்குதாரர் பையிலிருந்து. கட்டுமான ஒப்பந்தத்தை முதலில் முடித்துவிட்டவர்கள் இதைத் திருத்த முடியாமல் தவித்திருக்கிறார்கள்.

கடன் ஒப்பந்தத்தில் பணம் இறங்கும் படிகளைத் தாளில் வரைந்து பாருங்கள். வரவு, வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கும் எஸ்க்ரோ கணக்கில் விழும். வரி, பராமரிப்பு, வட்டி, அசல், டிஎஸ்ஆர்ஏ என்று இறங்கி, கடைசிப் படியில்தான் பங்குதாரர். டிஎஸ்சிஆர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தக் கடைசிக் கதவு பூட்டப்படும். 1.20இல் கடன் வாங்கி, பூட்டு 1.15இல் என்றால் இடைவெளி மிகக் குறைவு. உற்பத்தி பி90 அளவைவிடக் கொஞ்சம் குறைந்த ஆண்டிலேயே ஈவுத்தொகை நிற்கும். மாடலில் ஈவுத்தொகை ஆண்டுதோறும் வருவதாகப் போட்டிருந்தால் 12.6 சதவீதம் அங்கேயே உடைகிறது.

வாங்குபவர் தாமதமாகப் பணம் கொடுக்கும் நிலையையும் ஒருமுறை ஓட்டுங்கள். மின் விநியோக நிறுவனங்களின் நிலுவைக்கு 2022இல் தாமதக் கட்டண விதிகள் வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது. இருந்தாலும் 90 நாள் தாமதத்தைத் தாங்கும் நடைமுறை மூலதனம் இல்லாமல் திட்டத்தைத் தொடங்காதீர்கள். லாபம் இருந்தும் தவணை தவறுவது இப்படித்தான்.

9. ஓடத் தொடங்கியபின் செய்ய வேண்டியவை

கட்டுமான ஆபத்து தீர்ந்தபின் அதே நிலையம் வங்கியின் கண்ணில் வேறு பொருள். ஓரிரு ஆண்டு உற்பத்திக் கணக்கு கைக்கு வந்ததும் வட்டியைக் குறைக்கக் கேளுங்கள், மறுத்தால் வேறு வங்கிக்குப் போங்கள். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தை எட்டாம் படியிலேயே பேசிக் குறைத்திருந்தால் இது சுலபம். ஐந்தாம் படியில் போட்ட 19 கோடியில் ஒரு பகுதி இங்கே திரும்பி வரும். தாய் நிறுவன வழியில் கட்டியவர்களும் இந்தக் கட்டத்தில் நிலையத்தைத் தனி நிறுவனத்துக்கு மாற்றலாம். ஆனால் மாற்றத்துக்கான முத்திரைக் கட்டணத்தையும் வரியையும் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பணத்தை முழுதாக வெளியே எடுக்க நினைப்பவர்களுக்கு இன்விட் என்னும் உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளை ஒரு வழி. செபி 2014இல் இதற்கு விதிகள் வகுத்தது. பகிரத்தக்க நிகரப் பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை அது முதலீட்டாளர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். பெரிய தொகுப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். நம் 100 மெகாவாட் நிலையத்தை அப்படிப்பட்ட ஒன்றுக்கு விற்கலாம்.

கடைசி வேலை, கட்டுமானக் கால உத்தரவாதத்தைத் திரும்பப் பெறுவது. அது தானாகத் தீர்ந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். ஒரு நிறுவனத்தில் நிலையம் ஓடத் தொடங்கி நாலு வருடம் கழித்தும், யாரும் கேட்காததால், உத்தரவாதம் உயிரோடு இருந்ததைப் பார்த்தேன். நிபந்தனைகள் நிறைவேறிய அதே வாரம் பொறியாளர் சான்றோடு வங்கிக்கு எழுதுங்கள். விடுவிப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு ஈடாகச் சொத்து ஏதும் பதிவாகியிருந்தால், நிறுவனப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் சிஹெச்ஜி-4 படிவம் போகட்டும். அப்புறம் அந்த ஆண்டின் தணிக்கையாளரிடம், தாய் நிறுவனத்தின் நிகழக்கூடிய பொறுப்புகள் பட்டியலிலிருந்து அந்தத் தொகை நீங்கிவிட்டதா என்று கேட்டுச் சரிபாருங்கள்.